வடக்கு வாசலைத் திறந்தது நானல்ல

பூண்டி, மேல்மலை
22.3.2006

மரியாதைக்குரிய சம்பந்தி ஜெயச்சந்திரன் அவர்கள் சமூகத்துக்கு,

பூண்டி வீரையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி மூக்கம்மாவும் மகள் சுமலதாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். தாண்டிக்குடியில் நீங்களும் சம்பந்தியம்மா மகாராணி அவர்களும், கொடைக்கானலில் ஜீப் ஓட்டும் மாப்பிள்ளை யோகேஷும் உடம்பளவிலும் மனசளவிலும் சுகமாக இருக்க தேயிலைத் தோட்டத்தில் நாம் கும்பிட்ட நம்ம ரோதமுனி சாமி துணை நிற்கட்டும். சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். நிச்சயம் நடந்துவிட்டது, கல்யாணம் நடக்கவில்லை, நடுவில் நீங்கள் 'நிறுத்தி வைப்போம்' என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். இந்த நிலையில் இருக்கிறவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கும் தெரியவில்லை, மூக்கம்மாவுக்கும் தெரியவில்லை. அதனால் பழைய வார்த்தையையே போட்டுவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நீங்களே அடித்துவிட்டு மற்றதைப் படிக்கவும்.

போனில் பேசியிருக்கலாம்தான். இந்த ஊரில் ஒற்றை ரூபாய் போட்டுப் பேசும் டப்பா ஒன்று பொன்னுச்சாமி கடை வாசலில் தொங்குகிறது. அதில் நான் உங்களைக் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் எடுத்து, 'அலோ' என்று கம்பீரமாகச் சொல்லி, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். பின்னால் நிற்கிற ஆட்கள் வேறு, "என்னங்கண்ணே, அந்தப் பக்கமும் கதவ அடைச்சுட்டாங்களா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆகவே கடிதம். இதை முட்டைக்கோஸ் லாரி ஓட்டும் சுப்புராஜ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். 'நிறுத்தி வைப்போம்' என்ற உங்கள் சேதியைக் கொண்டுவந்ததும் அதே சுப்புராஜ்தான். அவனுக்குப் பதில் எதுவும் சொல்லி அனுப்ப வேண்டாம். அவன் ஒன்றைக் கேட்டால் நாலாகச் சொல்வான்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்றாலும் முதலிலிருந்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கோர்வையாக வராது. நம்மைப் போல இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு இந்த மலையில் காணி கிடையாது, பரம்பரை வீடு கிடையாது, 'இவன் அப்பனை எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஒரு நாதி கிடையாது. ராமேஸ்வரத்தில் இறங்கிய அன்றைக்கு வீடு தருகிறோம், நிலம் தருகிறோம் என்று எத்தனை வாக்குக் கேட்டோம்! அதில் பாதி வந்து சேர்ந்திருந்தால் நீங்கள் அடுத்தவர் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருப்பீர்களா, நான் அடுத்தவர் பூண்டு வயலுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவேனா? வாக்குத் தவறினால் எங்கே வலிக்கும் என்பது வாங்கிய பக்கம் நின்ற எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடமாக நான் ஒரு பேச்சை மாற்றிப் பேசியதில்லை. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, "இன்னிக்கு பொன்னுவேல் வயல், சாயங்காலம் கூலி கைக்கு வந்துரும், என் பிள்ளை மேல ஆணை" என்பேன். அது வரும். பொன்னுவேல் தராவிட்டால் எப்படியாவது புரட்டி நான் கொடுப்பேன். என் பிள்ளை மேல் ஆணை என்பது மற்றவர்களுக்கு 'சரிங்க' என்பது மாதிரி என் வாயில் தானாக வரும் சொல். இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் இப்போது என் குடியைக் கெடுத்திருக்கிறது.

போன ஐப்பசியில் பூண்டிக்கு மேலே இருக்கும் புல்வெளியில் 'மூடுபனிக் கோட்டை' என்ற டிவி நாடகத்தை எடுக்க மெட்ராஸிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ராஜா, ராணி, மந்திரவாதி, வாயில் நெருப்புக் கக்குகிற கழுகு எல்லாம் உள்ள கதை. பிளைவுட்டில் ஒரு கோட்டை வாசல் கட்டினார்கள். வாசல் மட்டும்தான், பின்னால் கோட்டை கிடையாது, கேட்டால் பனி மறைத்துவிடும் என்றார்கள். படைவீரர்களுக்கு ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். நானும் என் பெரட்டு ஆட்களும் அப்படியே போனோம். காலையில் நீலத் தலைப்பாகை கட்டி ராணியின் படை, மத்தியானம் சிவப்புத் தலைப்பாகை கட்டி எதிரியின் படை. காலையில் செத்தவர்களே மத்தியானம் வந்து வெட்டினார்கள். டைரக்டர் திருமலைச்சாமி என்பவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா, உங்க மீசையும் நிக்கிற நிலையும் நமக்கு அப்படியே வேணும்" என்றார். கோட்டைக் காவல் தலைவன் கருங்கல்லன் என்று ஒரு வேஷத்தைக் கொடுத்தார். நீளமுடி விக்கும் தோளில் ஒரு கம்பளியும் மாட்டிவிட்டார்கள். உங்கள் மகனும் அதே கம்பெனிக்குத்தான் ஜீப் ஓட்டினார். "மாமா, நெசமாவே தளபதி கணக்கா இருக்கீங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதையும் மறைக்கவில்லை.

கருங்கல்லன் ராணி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அதுதான் எனக்கு முதல் காட்சி. வாளை உயர்த்தி, 'இந்த வாளின் மீது ஆணை, வடக்கு வாசலைத் திறக்கமாட்டேன்' என்று சொல்லச் சொன்னார்கள். அந்த வாள் சவுக்குக் கட்டையில் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. "ஐயா, வாளைத் தொட்டா அது சத்தியமா? எங்காளுக யாரும் நம்பமாட்டாங்க. சூடத்தக் கொளுத்தி உள்ளங்கையால அணைக்கணும், அப்பத்தான் சத்தியம்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை சம்பந்தி, நானாக வாயைக் கொடுத்தேன். டைரக்டர் கையைத் தட்டி எழுந்தே விட்டார். "பிரமாதம்யா, மண்ணோட மணம்யா" என்றார். உடனே பொன்னுச்சாமி கடையிலிருந்து சூடம் வந்தது. தெர்மாகோலில் செய்த ஒரு அம்மன் முன்னால் சூடத்தை ஏற்றினார்கள். காமிரா ஓடியது. எனக்கு அந்தப் புகையும் வெளிச்சமும் பட்டதும் நாடகம் என்பதே மறந்துவிட்டது. "இந்த உடம்பில் உயிர் இருக்கும்வரை வடக்கு வாசலை எதிரிக்குத் திறக்கமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வாய் நிற்கவில்லை. பெரட்டுக் களத்தில் வருவது போலத் தானாக வந்துவிட்டது. "என் பிள்ளை மேல ஆணை!" என்று சொல்லிச் சூடத்தை அணைத்துவிட்டேன்.

கதைப்படி கருங்கல்லனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதையே திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னார், ஒரு தடவை லைட் சரியில்லை, ஒரு தடவை கழுகு குறுக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதுச் சூடம், ஒவ்வொரு தடவையும் என் பிள்ளை மேல் ஆணை. சுட்ட கைக்கு மூக்கம்மா வாழைச்சாறு தடவியபோது, "என்ன சோலி செஞ்சுட்டு வந்திருக்கீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?" என்று கேட்டாள். தெரியாது என்றுதான் சொன்னேன். அப்போது தெரியவில்லை.

பொங்கல் கழித்து அந்தச் சத்தியக் காட்சி டிவியில் வந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தோட்டத்து ஆட்களையெல்லாம் கூட்டி, "நம்ம சம்பந்தி, நம்ம சம்பந்தி" என்று சொல்லி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தீர்களாம். இங்கேயும் அப்படித்தான். தெர்மாகோல் அம்மனைக் கம்பெனிக்காரர்கள் புல்வெளியிலேயே போட்டுவிட்டுப் போனதால், எங்கள் ஊர்ப் பெண்கள் அதை எடுத்து நிறுத்தி மஞ்சள் பூசிக் கும்பிட ஆரம்பித்திருந்தார்கள். இத்தனை சூடம் கண்ட அம்மன் என்று அதற்கு ஒரு பேர் வந்துவிட்டது. வள்ளி என்கிற எங்கள் பெரட்டுப் பெண் அதற்குப் பொங்கலே வைத்தாள். ஊரில் என் பேச்சுக்கு அதற்கு முன்னால் ஒரு பங்கு மரியாதை என்றால் அப்போது இரண்டு பங்கு. அடுத்த ஒன்றரை மாதம் நான் தரையில் நடந்தேனா என்பதே சந்தேகம்தான்.

ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே, மலையில் படம் எடுத்துக்கொண்டிருந்த கடைசி நாளிலேயே, எனக்குச் சனி பிடித்துவிட்டது. அன்று காலை டைரக்டர் வந்து, "கருங்கல்லன் இன்னிக்கு ராணிக்குத் துரோகம் பண்றான். ராத்திரியோட ராத்திரியா வடக்கு வாசலத் திறந்துவிடுறான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, நான் சூடம் அணைச்சிருக்கேன்" என்றேன். "அது நாடகம்யா" என்றார். "நாடகம் நாடகந்தான், ஆனா சூடம் பொன்னுச்சாமி கடைச் சூடம். பிள்ளையும் என் பிள்ளை. உங்க ராணிக்குப் பொறந்த பிள்ளை இல்ல" என்றேன். அவர் கெஞ்சினார், திட்டினார், நாற்காலியை எட்டி உதைத்தார், ஷூட்டிங் நின்றால் என் ஆட்கள் யாருக்கும் அன்றைய கூலி கிடையாது என்றார். ஆனால் தாழ்ப்பாளில் கை வைக்கக் கை வரவில்லை. விக்கைக் கழற்றி அவர் மடியில் வைத்துவிட்டு, கீழே பூண்டு வயலில் போய், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதுதான் சம்பந்தி நடந்தது. இதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

பிறகு கேட்டால் யாரோ ஒருவனுக்கு என் விக்கையும் கம்பளியையும் மாட்டி, முதுகுப் பக்கமாக நிறுத்தி, கதவைத் திறக்க வைத்திருக்கிறார்கள். சாட்சிக்கு ஆள் உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். என் ஆட்கள் அத்தனை பேரும் சிவப்புத் தலைப்பாகை கட்டிக் கதவுக்கு வெளியே சரிவில் எதிரிப் படையாக நின்றார்கள். போதாததற்குப் பனி. கதவு திறந்தது, நீளமுடிக்காரன் ஒருவன் நின்றான், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். 'முதல்ல மாட்டேன்னாரு, அப்புறம் மனசு மாறிட்டாரு போல' என்று நினைத்துக்கொண்டு கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளையைக் கேட்கலாம் என்றால் அவர் அந்த நேரம் டைரக்டருக்கு வெந்நீர் வாங்கப் பூம்பாறைக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தாராம். கம்பெனி மேனேஜருக்கு போன் போட்டு, வாசலைத் திறந்தவன் பெயரைச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும் என்று கேட்டேன். "அந்த ஆள் யார்கிட்டயும் சொல்லவேண்டாம்னு கேட்டுக்கிட்டார் சார்" என்றான். கெட்ட காரியம் செய்தவன் அப்படித்தானே கேட்பான்!

எல்லாவற்றுக்கும் மேலே டிவியில் அதைக் காட்டிய விதம். நீங்களும்தான் பார்த்தீர்கள். முதலில் என் முகம், பெரிதாக. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, உதடு துடிக்கிறது. உடனே தாழ்ப்பாளில் ஒரு கை. உடனே கதவு திறக்கிறது. அழுதது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வேறொரு நாள், பனி போதவில்லை என்று புகை மிஷினைப் போட்டபோது அந்தப் புகை என் கண்ணில் அடித்தது. அதை எடுத்து இங்கே ஒட்டிவிட்டார்கள். முகம் என்னுடையது, கை இன்னொருவனுடையது. இதை இந்த ஊரில் ஒரு ஆளுக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை சம்பந்தி. "உங்க மூஞ்சிய நாங்க பாத்தோம்ல?" என்கிறார்கள். பார்த்தார்கள்தான்.

கதவு திறந்த காட்சி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையோடு என் பேர் செத்துவிட்டது. திங்கட்கிழமை வெள்ளனே பெரட்டுக் களத்துக்குப் போனால் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும், "கூலிக்குப் பொன்னுவேல் ஐயாவையே நேர்ல சொல்லச் சொல்லுங்கண்ணே" என்றார்கள். பொன்னுவேல் நல்ல மனுஷர், முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்டிருக்கும் கொட்டகைக்கு வருஷாவருஷம் நான்தான் காவல், இந்த வருஷம், "பனியில உங்களுக்கு எதுக்குச் செரமம்" என்று சொல்லி வேறு ஆளைப் போட்டுவிட்டார். பஸ்ஸில் கண்டக்டர், "வடக்கு வாசல் ஒண்ணு, எறங்கு" என்று விசில் அடிக்கிறான். புல்வெளியில் காற்று அடித்துத் தெர்மாகோல் அம்மனின் தலை பறந்து ஓடையில் விழுந்துவிட்டது, அதற்கும் நான்தான் காரணமாம். வள்ளி என்னைப் பார்த்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போகிறாள். மூக்கம்மா டிவி மேல் உருளைக்கிழங்குச் சாக்கைப் போர்த்தி வைத்துவிட்டாள். "இந்த மீசைதான எல்லாத்துக்கும் காரணம், அத வழிச்சாவது தொலைங்க" என்றாள். வழித்தேன். மறுநாளே, "பாத்தியா, தப்ப ஒத்துக்கிட்டாரு" என்று பேச்சு ஆகிவிட்டது. இப்போது கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என் முகத்தின் மேல் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். எத்தனையோ பொறுத்தாயிற்று. ஆனால் சம்பந்தியம்மா சொன்னதாகச் சுப்புராஜ் சொன்ன வார்த்தையைத்தான் பொறுக்க முடியவில்லை. 'பெத்த பிள்ளை மேல சூடம் அணைச்சுட்டு அதை மீறின வீடு. அந்தப் பிள்ளை தலையில என்ன வந்து விடியப்போகுதோ, அத நாம நம்ம வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டு வரணுமா?' என்றார்களாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் இடத்தில் மூக்கம்மா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். மீறியிருந்தால் அது பெரிய தோஷம்தான். ஆனால் நான் மீறவில்லையே! சுமலதா தலைக்கு ஒன்றும் வராது, அவள் தலை சுத்தமாக இருக்கிறது. அவள் இப்போது ரோட்டுப் பக்கம் போவதில்லை. கல்யாணத்துக்கு எடுத்த சேலையை மடித்து அடியில் வைத்துவிட்டாள். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. கேட்டால், "பசிக்கலப்பா" என்கிறாள். அவளுக்கு உங்கள் மகனைப் பிடித்திருக்கிறது. அதை என்னிடம் சொல்லமாட்டாள், ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் அவள் முகம் மாறுவது எனக்குத் தெரியும். நான் ஒரு தகப்பன், இதை வெட்கம் விட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் எல்லார் முன்னாலும் சூடம் அணைத்ததும் எனக்குத் தெரியும். 'அந்தக் கதவைத் திறந்தவன் என் வீட்டு வாசப்படி ஏறக்கூடாது, அந்தக் கை என் வீட்டுச் சோத்துல படக்கூடாது' என்று தோட்டத்து முனியாண்டி சாமி முன்னால் சொன்னீர்களாம். என்னை நினைத்துத்தான் சொன்னீர்கள். ஆனால் அந்தச் சத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நானும் சேர்ந்து சொல்கிறேன்: அந்தக் கதவைத் திறந்தவன் எவனோ, அவன் உங்கள் வாசப்படி ஏறக்கூடாது. என் வாசப்படியும் ஏறக்கூடாது. அவனைப் பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டும். தாழ்ப்பாளில் வைத்த அந்தக் கை முடங்கிப் போகட்டும், ஒரு நல்ல காரியத்துக்கு அந்தக் கை நீளக்கூடாது. ஒரு ஏழைக் குடும்பத்தின் பேரைக் கெடுத்துவிட்டுப் பேரைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட அந்தக் கோழைப் பயலை எனக்கு யார் என்று தெரிந்தால் கழுத்தைப் பிடித்து உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டேன்.

ஆகவே சம்பந்தி அவர்கள் இதைப் பொறுமையாகப் படித்து, சம்பந்தியம்மாவுக்கும் படித்துக் காட்டி, நான் சொல்லும் சொல்லை நம்பி, வைகாசியில் வைத்த முகூர்த்தத்தை மாற்றாமல் இருக்கவேண்டும். இந்த வீரையாவிடம் வேறு சொத்து இல்லை. ஆனால் கொடுத்த சத்தியத்தை இன்று வரை ஒரு தடவைகூட மீறியதில்லை, இனியும் மீறமாட்டேன். இதை மட்டும் நம்புங்கள்.

பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடு. சின்னவர்களுக்கு ஆசிகள். மாப்பிள்ளைக்கு விசேஷமாக என் ஆசிகள். உங்கள் தோட்டத்தில் காப்பி நன்றாகப் பூக்கட்டும், மழை காலத்தில் பெய்யட்டும், குளிருக்குச் சம்பந்தியம்மாவை முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்
வீரையா

பின்குறிப்பு: எதை எழுதினாலும் மூக்கம்மாவுக்கு ஒரு தடவை படித்துக் காட்டுவது என் வழக்கம். அப்படியே இதையும் படித்தேன். கை முடங்கிப் போகட்டும் என்ற இடம் வந்ததும் அடுப்படியில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. சுமலதா வெளியே வந்து, "அப்பா, அந்த வரிய அடிங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். ஓவென்று அழுதுவிட்டாள். "சொல்றேன், ஆனா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். அதன் பிறகுதான் சொன்னாள்.

விக்கை மாட்டியது உங்கள் மகன் யோகேஷ். வெந்நீர் வாங்கப் போனதெல்லாம் பிறகு ஜோடித்த கதை என்று அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார். நான் வயலில் போய் உட்கார்ந்ததும் ஷூட்டிங் நின்று, ஆட்களின் கூலி போய்விடும் என்று ஆயிற்று. அவர் என்னிடம் வந்து கெஞ்சவும் இல்லை, என்னைச் சத்தியத்தை மீறச் சொல்லவும் இல்லை. நேரே டைரக்டரிடம் போய், "எங்க மாமா செய்யமாட்டாரு சார், நான் செய்யுறேன், மூஞ்சி மட்டும் தெரியக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார். என் சத்தியமும் நிற்கட்டும், ஆட்களின் கூலியும் வரட்டும் என்று நினைத்திருக்கிறார். டிவியில் என் முகத்தை ஒட்டுவார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கதவு திறந்த காட்சி வந்ததுமே உங்களிடம் சொல்லத்தான் வந்தாராம். அதற்குள் நீங்கள் முனியாண்டி முன்னால் சூடம் அணைத்துக்கொண்டிருந்தீர்களாம். திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து உங்கள் வீட்டுப் பக்கம் வராமல் ட்ரிப் இருக்கிறது, ட்ரிப் இருக்கிறது என்று கொடைக்கானலில் ஜீப்பிலேயே படுத்துக் கிடக்கிறாராம். சோறும் ஓட்டலில்தான். உங்கள் சத்தியம் தவறக்கூடாது என்று.

நான் மேலே கொடுத்த சாபங்கள் அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முக்கியமாக அந்தக் கை விஷயத்தை. அடித்து எழுதலாம் என்று பார்த்தேன், அடித்தாலும் தெரிகிறது, புதுத் தாளும் இல்லை.

கொடுத்த சத்தியத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை என்று எழுதி மை காயவில்லை, பெற்ற பிள்ளை கையில் அடித்துக் கொடுத்ததை மீறி உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் பக்கத்து அறையில் தூங்குகிறாள் என்று நினைக்கிறேன். தெரிந்தால் என் முகத்தில் முழிக்கமாட்டாள். ஆனால் சொல்லாமல் இருந்தால் அவள் தலையில் இல்லாத தோஷத்தைச் சுமந்துகொண்டு இப்படியே உட்கார்ந்திருப்பாள். நான் வாக்குத் தவறாதவன் என்று பேர் எடுத்து அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய சம்பந்தி? பிள்ளை சாப்பிடமாட்டேன் என்கிறாள்.

நீங்களும் உங்கள் சத்தியத்தை விட்டுவிடுங்கள். கொடைக்கானலுக்குப் போய் உங்கள் பையனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போடுங்கள். தோட்டத்தில் சிரிப்பார்கள், பத்துப் பேர் முன்னால் தலை குனியும். குனியட்டும். இங்கே எனக்குப் பழகிவிட்டது, உங்களுக்கும் பழகிவிடும். வைகாசியில் நாம் இரண்டு பேரும் பேர் கெட்டவர்களாகவே பந்தலில் நின்று பிள்ளைகளுக்கு அட்சதை போடுவோம்.

இன்னும் ஒன்று. இதை நான்தான் சொன்னேன் என்று சுமலதாவுக்கு ஒருநாளும் தெரியக்கூடாது. சொல்லமாட்டேன் என்று எனக்கு ஒரு வார்த்தை கொடுங்கள். சூடமெல்லாம் வேண்டாம், சும்மா வாயால் சொன்னால் போதும்.